பொருளறிந்து கோத்தல்: இணையச் சேவைகளும் பொருளுணர் தொழில்நுட்பமும்

இணையச் சேவை என்பது மனிதர் கண்ணால் படிப்பதற்கான பக்கம் அன்று. ஒரு நிரல் இணையத்தின் வழியே இன்னொரு நிரலுக்கு வேலை கொடுத்து விடை வாங்கும் வாயில் அது. ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையை அனுப்பினால், தரவுத்தளங்களில் அதை ஒத்த வரிசைகளைத் தேடித் தருவது ஒரு சேவை. கிடைத்த வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒழுங்குபடுத்தித் தருவது வேறொரு சேவை. ஒழுங்குபடுத்தியவற்றிலிருந்து பரிணாம மரம் வரைந்து தருவது மூன்றாவது. இம்மூன்றும் வெவ்வேறு நாட்டு நிறுவனங்களின் சர்வர்களில் இருக்கலாம். உயிரியலாளர் கையில் இருப்பது ஒரு வரிசை. அவருக்கு வேண்டியது மரம். ஆயிரக்கணக்கான சேவைகளில் தமக்கு உதவுபவை எவை என்று காண்பது கண்டறிதல். கண்டவற்றை, ஒன்றின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடாகும்படி ஒரே வேலையாக்குவது கோத்தல். இவ்விரண்டையும் மனிதத் தலையீடு குறைவாக, முடிந்தால் தானாகவே, கணினியைக் கொண்டு செய்விக்க முடியுமா என்பதுதான் பொருளுணர் இணையச் சேவை ஆய்வின் மையக் கேள்வி.

கால் நூற்றாண்டாக நடந்துவரும் இந்த ஆய்வில் தருக்க முறைகள் பல வெற்றி பெற்றன. தடையாக நின்றது வேறொன்று: ஒவ்வொரு சேவையும் என்ன செய்கிறது என்பதைக் கணினிக்குப் புரியும்படி யார் எழுதிவைப்பது, அந்த உழைப்புக்கு அவருக்குக் கிடைப்பது என்ன என்ற கேள்வி. துறையின் வரலாறு முழுவதிலும் இந்தக் கேள்வி ஓடிக்கொண்டே இருக்கிறது.

வடிவத்தை மட்டும் சொன்ன விவரிப்புகள்

இணையச் சேவைகளின் முதல் தலைமுறை மூன்று ஏற்பாடுகளின் மேல் நின்றது. செய்தியை எந்த உறையில் இட்டு அனுப்புவது என்பதை ‘சோப்’ வகுத்தது, அதன் 1.1 பதிப்பு 2000இல் வெளிவந்தது. சேவை தரும் செயல்கள் எவை, அவை எந்த வடிவத்தில் தரவை ஏற்கும், எந்த முகவரியில் கிடைக்கும் என்பவற்றை எழுதுவதற்கான டபிள்யூஎஸ்டிஎல் மொழி 2001இல் வந்தது. சேவைகளைப் பதிந்துவைக்கவும் தேடவும் யுடிடிஐ என்ற பதிவகத்தை ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், அரிபா ஆகிய நிறுவனங்கள் 2000 செப்டம்பரில் அறிவித்தன.

இவை சொன்னது வடிவத்தை மட்டுமே. எழுத்துத்தொடர் ஒன்றை வாங்கி எழுத்துத்தொடர் ஒன்றைத் திருப்பித் தரும் சேவை என்று விவரிப்பு கூறினால், அந்தத் தொடர் டிஎன்ஏ வரிசையா, புரத வரிசையா, மரபணுவின் பெயரா என்பது கணினிக்குத் தெரியாது. இதன் விளைவு சிறியது அன்று. டிஎன்ஏவைக் குறிக்கும் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளும் அமினோ அமிலங்களைக் குறிக்கும் எழுத்துகளிலும் உண்டு. ஆகவே டிஎன்ஏ வரிசையைப் புரதத்துக்கான சேவைக்கு அனுப்பினால், பிழைச்செய்திகூட வராமல் பொருளற்ற விடை வந்துசேரக்கூடும். வடிவம் பொருந்திவிட்டது, பொருள்தான் பொருந்தவில்லை. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஒரே வேலையைச் செய்யும் இரு சேவைகள் தம் செயல்களுக்கும் தரவுப் புலங்களுக்கும் வெவ்வேறு பெயர் சூட்டியிருந்தால், அவை ஒன்றுக்கொன்று மாற்றாகும் என்பதைப் பெயரை மட்டும் பார்க்கும் தேடல் கண்டுகொள்ளாது.

யுடிடிஐ பதிவகத்தில் நிறுவனப் பெயராலும் வணிகப் பிரிவுக் குறியீடுகளாலும் தேட முடிந்தது. குறிப்பிட்ட உள்ளீட்டை வாங்கிக் குறிப்பிட்ட வெளியீட்டைத் தரும் சேவை எது என்று கேட்க முடியவில்லை. ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், சாப் ஆகியவை நடத்திவந்த பொதுப் பதிவகம் 2006 ஜனவரியில் மூடப்பட்டது. நிறுவனங்களுக்குள் மட்டும் இயங்கும் பதிவகமாக யுடிடிஐ சில காலம் நீடித்தது.

பொருளை எழுதும் மொழிகள்

ஒரு துறையின் கருத்துகளையும் அவற்றுக்கிடையேயான உறவுகளையும் கணினி தருக்க முறையில் கையாளும்படி எழுதிவைத்த தொகுப்பே ஆன்டாலஜி. ‘புரத வரிசை’ என்பது ‘உயிரியல் வரிசை’யின் உட்பிரிவு, ‘டிஎன்ஏ வரிசை’யும் அதன் உட்பிரிவே, ஆனால் இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குபவை என்று அதில் எழுதலாம். சேவையின் விவரிப்பு ‘எழுத்துத்தொடர்’ என்பதோடு நில்லாமல் இந்தக் கருத்துகளில் ஒன்றைச் சுட்டினால், மேலே சொன்ன குழப்பம் சேவையை அழைப்பதற்கு முன்பே பிடிபடும். ஆன்டாலஜிகளை எழுதுவதற்கான ‘அவுல்’ மொழியை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2004 பிப்ரவரியில் தரமாக ஏற்றது. விவரிப்புத் தருக்கம் என்ற தருக்கப் பிரிவு அதன் அடித்தளம். ஒரு கருத்து இன்னொன்றுக்குள் அடங்குமா என்பதை அந்தத் தருக்கத்துக்கான பொறிகள் ஐயமின்றிச் சொல்லிவிடும்.

2001 மே மாத ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லஸ்ஸிலா மூவரும் எழுதிய கட்டுரை, தாயின் சிகிச்சைக்கு ஏற்ற மருத்துவமனையைத் தேடி நேரமும் குறித்துத் தரும் மென்பொருள் முகவர்களைக் கற்பனை செய்தது. அதே ஆண்டில் ஷீலா மெக்கில்ரைத், ட்ரான் காவ் சோன், ஹோங்லே செங் ஆகியோர் அந்தக் கற்பனையைச் சேவைகளின் தளத்துக்குக் கொண்டுவந்து, சேவைகளைத் தானாகக் கண்டறிதல், இயக்குதல், கோத்தல் ஆகியவற்றை ஆய்வுச் சிக்கல்களாக வரையறுத்தனர்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தார்பா அமைப்பு நிதியளித்த திட்டத்தில் முதலில் டிஏஎம்எல்-எஸ் என்ற பெயரில் வளர்ந்து, 2004இல் அவுல்-எஸ் என்று வலைக் கூட்டமைப்பிடம் அளிக்கப்பட்ட ஆன்டாலஜி சேவையை மூன்று கோணங்களில் விவரிக்கிறது. சேவை என்ன செய்கிறது என்பது தேடுவோருக்கான முகவுரை. எப்படிச் செய்கிறது என்பது செயல்முறை மாதிரி. அதில் தனிச் செயல்களும், தொடர், கிளை, தெரிவு, சுழற்சி முதலிய கட்டுமானங்களால் ஆன கூட்டுச் செயல்களும் இடம்பெறும். எவ்வாறு தொடர்புகொள்வது என்பது மூன்றாவது பகுதி. அது டபிள்யூஎஸ்டிஎல் விவரிப்போடு இணைப்பு ஏற்படுத்தும். உள்ளீடு, வெளியீடு ஆகியவற்றோடு, சேவையை அழைக்குமுன் உண்மையாக இருக்கவேண்டிய முன்நிபந்தனையையும், அழைத்தபின் உலகில் நிகழும் மாற்றமாகிய விளைவையும் எழுத முடிவது அவுல்-எஸ்ஸின் பெரிய கொடை. கடன் அட்டை எண்ணை வாங்கி ரசீது எண்ணைத் தருவது தரவுப் பரிமாற்றம். கணக்கிலிருந்து பணம் குறைவது விளைவு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எந்தக் கோவையும் பாதுகாப்பாக இயங்காது.

ஐரோப்பாவில் டீட்டர் ஃபென்ஸலும் அவர் குழுவினரும் உருவாக்கிய டபிள்யூஎஸ்எம்ஓ மாதிரி 2005இல் முன்வைக்கப்பட்டது. அது ஆன்டாலஜி, சேவை ஆகியவற்றோடு பயனரின் இலக்கையும், பொருந்தாதவற்றை இணைக்கும் இடையீட்டாளரையும் தனித்தனி உறுப்புகளாக வைத்தது. கேட்பவரும் தருபவரும் ஒரே சொற்களில் பேசுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது என்ற தெளிவு அந்த வடிவமைப்பில் இருக்கிறது. இந்த வகையில் அது அவுல்-எஸ்ஸைவிட நடைமுறைக்கு நெருக்கமானது. ஆனால் தனக்கென ஒரு மொழிக் குடும்பத்தையும் இயக்கச் சூழலையும் அது கோரியதால், கற்கவேண்டியது மிகுந்தது.

மூன்றாவது வழி மிக எளியது. ஜார்ஜியா பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்து 2007 ஆகஸ்டில் தரமாக ஏற்கப்பட்ட எஸ்ஏ-டபிள்யூஎஸ்டிஎல், புதிய மொழி எதையும் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே உள்ள டபிள்யூஎஸ்டிஎல் விவரிப்பில் மூன்று பண்புகளை மட்டும் சேர்த்தது. ஒன்று, ஒரு புலம் ஆன்டாலஜியில் எந்தக் கருத்தைக் குறிக்கிறது என்று சுட்டும். மற்ற இரண்டும் தரவை எக்ஸ்எம்எல் வடிவிலிருந்து ஆன்டாலஜி வடிவுக்கு ஏற்றவும், அங்கிருந்து இறக்கவும் உதவும் மாற்று விதிகளைச் சுட்டும். முன்நிபந்தனையையும் விளைவையும் எழுத அதில் தனி ஏற்பாடு இல்லை. இந்த முயற்சிகளில் முழுத் தரநிலையை எட்டியது இதுதான் என்பது கவனிக்கத்தக்கது. எழுதுபவரின் சுமை குறைந்தபோதுதான் உடன்பாடு கிட்டியது.

பொருத்தம் பார்த்தல்

கோரிக்கையும் சேவை விவரிப்பும் ஒரே ஆன்டாலஜியின் கருத்துகளில் எழுதப்பட்டிருந்தால், இரண்டுக்கும் பொருத்தம் பார்ப்பது தருக்கக் கணக்காகிவிடும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாசிமோ பவொலூச்சி, காத்யா சிக்கரா முதலியோர் 2002இல் வெளியிட்ட முறை இத்துறையின் அடிக்கல். கோரிய வெளியீட்டையும் சேவை தரும் வெளியீட்டையும் ஒப்பிட்டு அது பொருத்தத்தை நான்கு படிகளில் வைத்தது. இரண்டும் ஒரே கருத்தானால் முழுப் பொருத்தம்; கோரியதன் நேர் மேற்கருத்தைச் சேவை தந்தாலும் அதே மதிப்பு. சேவை தருவது இன்னும் பரந்த கருத்தானால் அடுத்த படி. சேவை தருவது கோரியதைவிடக் குறுகியதானால் அதற்கும் கீழான படி. எந்த உறவும் இல்லையேல் தோல்வி. லீ, ஹாரக்ஸ் இருவரும் 2003இல் பகுதியளவு மேற்பொருந்தலையும் ஒரு படியாகச் சேர்த்தனர்.

இந்த வரிசைமுறையில் ஒரு நுட்பமான சிக்கல் உள்ளது. பரந்த கருத்தை அறிவிக்கும் சேவை அதன் உட்பிரிவுகள் அனைத்தையும் தரும் என்ற அனுமானத்தில்தான் இரண்டாம் படி மூன்றாவதைவிட உயர்ந்தது. ‘புரத வரிசை ஒழுங்கமைவு’ வேண்டுமென்று கேட்டவருக்கு ‘வரிசை ஒழுங்கமைவு’ தரும் சேவை கிடைத்தால், அது டிஎன்ஏவுக்கு மட்டும் இயங்குவதாகவும் இருக்கலாம். பெறுவது கேட்டதைவிடக் குறுகியதாக இருந்தால் பாதுகாப்பு மிகுதி. கேட்ட வகைக்குள் அது கட்டாயம் அடங்கும். ஜெர்மனியில் மத்தியாஸ் குளுஷ் குழுவினர் 2006இல் வெளியிட்ட அவுல்எஸ்-எம்எக்ஸ், பவொலூச்சி குழுவினர் இரண்டாம் படிக்கு வைத்த பெயரையே எதிர்த்திசையில், குறுகிய வெளியீட்டுக்கு வைத்தது. இரு ஆய்வுகளை ஒப்பிடும்போது பெயரை நம்பாமல் வரையறையைப் பார்க்க வேண்டும். கோப்பதற்கு என்றால் எதைக் கொள்வது என்பதில் ஐயமில்லை: முன் சேவையின் வெளியீடு பின் சேவையின் உள்ளீட்டுக் கருத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும்.

உள்ளீடும் வெளியீடும் பொருந்துவதே போதும் என்று கொண்டால் இன்னொரு இடறல் காத்திருக்கிறது. மரபணுவின் பெயரை வாங்கி மரபணுப் பட்டியலைத் தரும் இரு சேவைகள் இருக்கலாம். ஒன்று, கொடுத்த மரபணு தூண்டுகின்ற மரபணுக்களைத் தரும். மற்றது, அதைத் தூண்டுகின்றவற்றைத் தரும். இரண்டின் வகைகளும் ஒன்றே, பொருளோ நேரெதிர். உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையிலான உறவை எழுதினால்தான் இவற்றைப் பிரிக்க முடியும். முழு முதல்தரத் தருக்கத்தில் எழுதப்பட்ட நிபந்தனைகளை ஒப்பிடுவது எல்லா நேர்வுகளிலும் முடிவு காணக்கூடிய கணக்கு அல்ல என்பதால், பெரும்பாலான பொருத்த நிரல்கள் உள்ளீடு வெளியீட்டோடு நின்றுவிட்டன.

தருக்கம் கறாரானது, விவரிப்பில் சிறு விடுபடல் இருந்தாலும் நல்ல சேவையைத் தள்ளிவிடும். இதைச் சரிசெய்ய அவுல்எஸ்-எம்எக்ஸ் தருக்கப் பொருத்தத்தோடு உரை ஒப்புமை அளவைகளையும் சேர்த்தது. தருக்கம் மட்டும் அல்லது உரை ஒப்புமை மட்டும் என்பதைவிடக் கலப்பு முறைகள் பல வேளைகளில் நன்றாகத் தேடின. இந்த ஒப்பீடுகளுக்கு உரைகல்லான அவுல்எஸ்-டிசி தொகுப்பின் நான்காம் பதிப்பில் 1083 சேவைகளும் 42 கோரிக்கைகளும் இருந்தன. அவற்றில் பெரும்பாலான விவரிப்புகள் ஆய்வாளர்கள் அரைத் தானியங்கி முறையில் மாற்றி எழுதியவை. சேவை நடத்துவோர் தாமே எழுதி, தாமே புதுப்பித்துவந்த விவரிப்புகளில் இம்முறைகள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அத்தகைய தொகுப்பைக் கொண்டு அறிய இயலாது.

கோப்பது ஒரு திட்டமிடல்

கோத்தலின் எளிய வடிவம் பாதை தேடல். கருத்துகள் புள்ளிகள், சேவைகள் அவற்றை இணைக்கும் கோடுகள் என்று கொண்டால், ‘புரத வரிசை’யிலிருந்து ‘பரிணாம மர’த்துக்கு ஒரு வழியைக் காண்பதே வேலை. தொடக்கத்திலிருந்து முன்னோக்கியோ இலக்கிலிருந்து பின்னோக்கியோ தேடலாம். தகவலை மட்டும் பெற்றுத் தரும் சேவைகளுக்கு இது பெரும்பாலும் போதும்.

உலகை மாற்றும் சேவைகள் நுழைந்தவுடன் கணக்கு மாறுகிறது. தகவல் திரட்டும் சேவையைப் பத்து முறை அழைத்தாலும் தீங்கில்லை. பயணச்சீட்டு பதியும் சேவையை இரண்டு முறை அழைத்தால் இரண்டு சீட்டு. மெக்கில்ரைத்தும் சோனும் 2002இல் கோலாக் என்ற தருக்க நிரல்மொழியைத் தழுவி அமைத்த முறையில் இந்த வேறுபாடு மையமானது. திட்டமிடும்போதே தகவல் சேவைகளை இயக்கி விடை பெறலாம். உலகை மாற்றும் சேவைகளை அழைத்தது போலப் பாவித்து மட்டும் பார்க்கலாம். முன்கூட்டியே எழுதிய பொதுவான செயல்முறையைப் பயனரின் விருப்பங்களுக்கேற்ப நிரப்பிக்கொள்வது அதன் அணுகுமுறை.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் எவ்ரென் சிரின், பிஜன் பார்சியா, டேனா நாவ் முதலியோர் 2004இல் விவரித்த முறை, அவுல்-எஸ் செயல்முறை மாதிரிகளை ஷாப்2 என்ற படிநிலைத் திட்டமிடு நிரலுக்கு மாற்றிக் கொடுத்தது. பெரிய வேலையைச் சிறு வேலைகளாகவும் அவற்றை இன்னும் சிறியவையாகவும் பிரித்துக்கொண்டே போவது இதன் வழி. கூட்டுச் செயல்களை அவுல்-எஸ் விவரிக்கும் விதத்தோடு இது இயல்பாகப் பொருந்தியது. இத்தாலியில் பாவ்லோ டிராவெர்சோவும் மார்கோ பிஸ்டோரேயும் அதே ஆண்டில் மாதிரிச் சரிபார்ப்பு நுட்பத்தைக் கொண்டுவந்தனர். சேவை எப்போதும் எதிர்பார்த்த விடையையே தரும் என்று கொள்ளாமல், தரக்கூடிய எல்லா விடைகளுக்கும் வழி வைத்துத் திட்டம் அமைப்பது அவர்கள் முறையின் வலிமை. உண்மையான சேவைகள் ‘இருக்கை இல்லை’ என்றும் ‘பிறகு வா’ என்றும் சொல்பவை என்பதால், கோட்பாட்டளவில் இதுவே பொருத்தமான வழி. நிலைகளின் எண்ணிக்கை வேகமாகப் பெருகுவது அதற்குக் கொடுக்கும் விலை.

ஆன்டாலஜியையும் திட்டமிடலையும் இணைப்பதில் ஆழமான ஒரு முரண் தலைகாட்டுகிறது. அவுல் மொழி திறந்த உலகக் கருதுகோளில் இயங்குவது: சொல்லப்படாத ஒன்று பொய் என்று அது கொள்வதில்லை, தெரியாதது என்றே கொள்ளும். மரபான திட்டமிடு நிரல்களோ சொல்லப்படாததைப் பொய் என்றே கொள்ளும். ‘இருப்பில் இல்லை’ என்று எங்கும் எழுதப்படாத பொருள், முதல் முறைப்படி இருக்கவும் கூடும் இல்லாமலும் போகலாம். இரண்டாம் முறைப்படி எழுதப்படாத இருப்பு இல்லாத இருப்பே. ஒன்றில் எழுதிய விவரிப்பை மற்றொன்றுக்கு மாற்றும்போது இந்த வேறுபாட்டைக் கவனியாமல் விட்டால், தருக்கப்படி சரியான திட்டம் நடைமுறையில் தவறிவிடும்.

தொழிலுலகில் கோத்தல் வேறு பாதையில் சென்றது. பிபெல் என்ற செயல்முறை மொழியில் மனிதரே கோவையை எழுத, இயக்கப் பொறி அதை நிறைவேற்றியது, அதன் 2.0 பதிப்பு 2007 ஏப்ரலில் ஓயேசிஸ் என்ற தர அமைப்பின் தரமாயிற்று. தானாகக் கோத்தல் அதன் நோக்கம் அல்ல.

வேலைகளின் வரிசை முடிவானபின் எந்தச் சேவையை எந்த வேலைக்குத் தேர்வது என்பது தனிக் கணக்கு. ஒரே வேலையைச் செய்யும் சேவைகள் கட்டணத்திலும் வேகத்திலும் நம்பகத்திலும் வேறுபடும். லியாங்ஷாவ் செங், பூவாலெம் பெனதல்லா முதலியோர் 2004இல் கட்டணம், நேரம், நற்பெயர், நம்பகம், கிடைக்கும் தன்மை ஆகிய ஐந்தையும் கொண்டு முழுஎண் நேரியல் நிரலாக்கமாக இதை வடிவமைத்தனர். பத்து வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஐம்பது சேவைகள் என்றால் தெரிவுகள் ஏறத்தாழ 977 கோடி கோடி. எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்க இயலாததால் மரபணு வழிமுறை முதலிய தோராய முறைகளும் வந்தன. நம்பகம் பெருக்கற்பலனாகக் குறைவது கோவைகளின் இயல்பு: ஒவ்வொன்றும் 99 விழுக்காடு நம்பகமான பத்துச் சேவைகளைத் தொடராகக் கோத்தால் மொத்த நம்பகம் 90 விழுக்காட்டுக்கு வந்துவிடும்.

உயிரித் தகவலியல் தந்த அனுபவம்

ஆய்வகத்துக்கு வெளியே இக்கருத்துகள் உண்மையாகச் சோதிக்கப்பட்ட துறை உயிரித் தகவலியல். தரவுத்தளங்களும் பகுப்பாய்வுக் கருவிகளும் பொதுச் சேவைகளாகத் திறந்திருந்தன. அவற்றைப் பயன்படுத்தியோரில் பெரும்பாலோர் நிரலர் அல்லர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜீன் ஆன்டாலஜி 2000 முதலே அத்துறையில் புழங்கியது. பொதுச் சொற்களுக்கு உடன்படுவது பயனுள்ளது என்பதை உயிரியலாளர்கள் தம் வேலையிலேயே கண்டிருந்தனர்.

மான்செஸ்டரில் கரோல் கோபிள் தலைமையில் 2001இல் தொடங்கிய மைகிரிட் திட்டத்திலிருந்து டாவெர்னா என்ற பணியோட்ட மென்பொருள் பிறந்தது. சேவைகளைத் திரையில் பெட்டிகளாக வைத்துக் கோடிட்டு இணைத்தால் கோவை தயார். முழுத் தானியங்கிக் கோத்தலை நோக்கிப் புறப்பட்ட அத்திட்டம், பயனர்களோடு பழகியபின் திசை மாறியது. எந்தப் பகுப்பாய்வை எந்த வரிசையில் செய்வது என்பது உயிரியலாளரின் அறிவுத்திறம். அதைக் கணினியிடம் விட்டுவிட அவர்களுக்கு விருப்பமில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது, அடுத்த படிக்குப் பொருந்தும் சேவைகளின் குறும்பட்டியல். அதற்காக 2005இல் வந்த ஃபீட்டா தேடுகருவி, கனமான தருக்கத்தைத் தவிர்த்து எளிய குறிப்புகளைக் கொண்டே இயங்கியது. எவ்வளவு பொருளறிவு போதும் என்பதைப் பயனரிடமிருந்து கற்ற இந்த முடிவு, அத்துறையின் மிக முதிர்ந்த முடிவுகளில் ஒன்று.

அதே குழு இன்னொன்றையும் கண்டது. பொருளளவில் கச்சிதமாகப் பொருந்தும் இரு சேவைகளும் பல வேளைகளில் நேரடியாக இணைவதில்லை. முதலாவது தேடல் முடிவை முழு அறிக்கையாகத் தரும். அடுத்தது அதிலுள்ள அடையாள எண்களை மட்டும் கேட்கும். ஒன்று ஃபாஸ்டா வடிவம், மற்றது வேறு வடிவம். இடையில் அறிவியல் பொருள் எதுவுமில்லாத சிறு மாற்றிகளைச் செருக வேண்டியிருந்தது. ‘ஷிம்’ என்று அழைக்கப்பட்ட இவை நடைமுறைக் கோவைகளில் கணிசமான இடத்தைப் பிடித்தன. தானியக்கம் மிகப் பயன்படக்கூடிய இடமும் இதுவே. ஆய்வாளரின் தீர்ப்புக்கு இங்கு வேலையில்லை. அவருடைய நேரத்தைத் தின்னும் வேலை மட்டும் இருக்கிறது.

மார்க் வில்கின்சன் முதலியோர் 2001இல் தொடங்கிய பயோமோபி, சேவைகளுக்கும் தரவு வகைகளுக்கும் பொதுப் பதிவகம் வைத்து, எவரும் புதிய வகையைச் சேர்க்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. பின்னர் அவர்களே உருவாக்கிய சாடி முறை மேலும் நேர்த்தியானது. அதில் ஒவ்வொரு சேவையும் ஆர்டிஎஃப் என்ற தரவு வடிவில் ஒரு பொருளை வாங்கி, அதே பொருளோடு புதிய பண்புகளைச் சேர்த்துத் திருப்பித் தரும். உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் உள்ள உறவு அந்தப் பண்பின் பெயரிலேயே இருப்பதால், தூண்டுவதா தூண்டப்படுவதா என்ற முன்சொன்ன குழப்பத்துக்கு இடமில்லை. ஸ்பார்கிள் என்ற வினவல் மொழியில் கேள்வி கேட்டால், அதில் வரும் ஒவ்வொரு பண்பையும் தரவல்ல சேவையைத் தேடி அழைத்து விடையைச் சேர்த்துத் தரும் ஷேர் என்ற கருவியையும் அவர்கள் செய்து காட்டினர். கண்டறிதலும் கோத்தலும் கேள்விக்குள்ளேயே கரைந்துவிடும் அந்த வடிவமைப்பு, இத்துறை தந்தவற்றில் மிக அழகானது.

விவரிப்பு எழுதும் வேலையை 2009இல் தொடங்கிய பயோகேட்டலாக் நேராக எதிர்கொண்டது. ஐரோப்பிய உயிரித் தகவலியல் நிறுவனமும் மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் நடத்திய அந்தப் பட்டியலில் பணியமர்த்தப்பட்ட தொகுப்பாளர்கள், சேவை தருவோர், பயனர் எல்லோரும் குறிப்புகளைச் சேர்க்க முடிந்தது. சேவை இயங்குகிறதா என்பதும் தொடர்ந்து சோதிக்கப்பட்டது. சோதனை அவசியமானது. கெக் தரவுத்தளத்தின் சோப் சேவை 2012 இறுதியில் நிறுத்தப்பட்டபோது, அதை நம்பிய பணியோட்டங்கள் செயலிழந்தன. 2007 முதல் 2012 வரை பகிரப்பட்ட 92 டாவெர்னா பணியோட்டங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வில், அவற்றில் ஏறத்தாழ 80 விழுக்காடு இயங்கவில்லை அல்லது பழைய விடையைத் தரவில்லை. மூன்றாம் தரப்புச் சேவைகள் மாறியதும் மறைந்ததும் அதற்கு முதன்மைக் காரணம். பொருள் விவரிப்பு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், நின்றுபோன சேவைக்கு அது உதவாது. ஆனால் அதே வேலையைச் செய்யும் மாற்றுச் சேவையைக் கண்டுபிடிக்க அது மட்டுமே உதவும்.

இன்று அத்துறையில் புழங்கும் ஈடாம் ஆன்டாலஜி தலைப்பு, செயல், தரவு, வடிவம் என்ற நான்கு கிளைகளோடு நிற்கிறது. தரவையும் வடிவத்தையும் பிரித்தது ஷிம் தந்த பாடத்தின் நேர்ப் பயன்: ‘புரத வரிசை’ ஒரு கிளையில், ‘ஃபாஸ்டா’ மற்றொரு கிளையில். எலிக்ஸிர் அமைப்பின் பயோ.டூல்ஸ் பட்டியல் கருவிகளை இச்சொற்களால் விவரிக்கிறது. அந்த விவரிப்புகளைக் கொண்டு, தரப்பட்ட உள்ளீட்டிலிருந்து கேட்ட வெளியீட்டை அடையும் பணியோட்டங்களைத் தானாகத் தொகுக்கும் ஏப் என்ற நிரலை வேத்ரான் கசலிச்சாவும் அன்னா-லேனா லாம்பிரெக்ட்டும் 2020இல் வெளியிட்டனர். புரதத் திரளியலில் அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஆய்வு, இப்படிப் பிறக்கும் கோவைகளில் வல்லுநர் ஏற்கத்தக்கவை கிடைக்க, கருவிகளின் குறிப்புகள் துல்லியமாக இருக்கவேண்டியதன் இன்றியமையாமையைக் காட்டியது.

வெளி உலகில் பரவாத காரணம்

பிற துறைகளில் அவுல்-எஸ்ஸோ டபிள்யூஎஸ்எம்ஓவோ இப்படி வேர்விடவில்லை. ராய் ஃபீல்டிங் 2000இல் வகுத்த ரெஸ்ட் பாணி, சோப்பின் உறைகளை ஒதுக்கிவிட்டு வலையின் இயல்பான முகவரிகளையும் செயல்களையும் கொண்டே சேவைகளை அமைக்க வழி செய்தது. நிரலர்கள் அந்தப் பக்கம் திரும்பினர். டபிள்யூஎஸ்டிஎல் விவரிப்பு இல்லாதபோது அதன்மேல் ஏறி நின்ற பொருள் விவரிப்புகளுக்கும் நிலைக்களம் இல்லாமல் போயிற்று. எச்ரெஸ்ட்ஸ், எஸ்ஏ-ரெஸ்ட், டபிள்யூஎஸ்எம்ஓ-லைட், ஹைட்ரா என்று எளிய மாற்றுகள் வந்தன. ஸ்வாகர் என்று தொடங்கி 2015இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ்ச் சென்ற ஓப்பன்ஏபிஐ விவரிப்புதான் பரவலானது. அது மீண்டும் வடிவத்தை மட்டும், கூடவே மனிதர் படிக்க ஓர் உரை விளக்கத்தை மட்டும் சொல்வது. அதை எழுதினால் ஆவணமும் சோதனைப் பக்கமும் நிரல் துண்டுகளும் எழுதியவருக்கே உடனே கிடைத்தன.

பொருள் விவரிப்பை எழுதினால் கிடைக்கும் பயனோ வேறொருவருக்கு, வேறொரு நாளில். கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ சேர்ந்து 2011இல் தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் சொற்றொகுதி பரவியதற்குக் காரணமும் இதுவே: பக்கத்தில் குறிப்புகளைச் சேர்த்தவரின் பக்கம் தேடல் முடிவில் சிறப்பாகத் தோன்றியது. வணிகச் சேவைகளில் இன்னொரு தடையும் இருந்தது. யாரென்று தெரியாத சேவையைக் கணினி தானே தேர்ந்து பணம் செலுத்துவதற்கு ஒப்பந்தம், பொறுப்பு, நம்பிக்கை ஆகியவை வேண்டும். அவை ஆன்டாலஜியில் எழுதித் தீர்பவை அல்ல. கருவிகளின் இணையத்தில் மட்டும், 2020 ஏப்ரலில் தரமாக ஏற்கப்பட்ட ‘திங் டிஸ்கிரிப்ஷன்’ வழியாகப் பொருள் விவரிப்பின் சாயல் தொடர்கிறது.

மொழி மாதிரிகளின் வருகை

2023க்குப் பின் பெரும் மொழி மாதிரிகள் சேவைகளைத் தாமே தேர்ந்து அழைக்கத் தொடங்கியதால் பழைய கேள்வி புதிய வலிமையோடு திரும்பியுள்ளது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் போன்ற நெறிமுறைகளில், ஒவ்வொரு கருவியும் ஒரு பெயர், இயல்மொழியில் ஒரு விளக்கம், உள்ளீட்டின் வடிவம் ஆகியவற்றோடு அறிமுகமாகிறது. மாதிரி அந்த விளக்கத்தைப் படித்துப் பொருத்தம் பார்க்கிறது. ஒன்றின் விடையைப் படித்து அடுத்ததை அழைக்கிறது. வடிவம் பொருந்தாவிட்டால் இடையில் தானே மாற்றிக்கொள்கிறது. விவரிப்பு எழுதும் சுமை ஒரு பத்தி உரையாகக் குறைந்துவிட்டது. இருபது ஆண்டுகள் நீக்க முடியாத தடை இவ்வாறு பெருமளவு நீங்கியிருப்பது மெய்யான முன்னேற்றம்.

நீங்காதவையும் உண்டு. விவரிப்புத் தருக்கத்தில் ஒரு கருத்து மற்றொன்றுக்குள் அடங்குகிறது என்றால் அது நிறுவப்பட்ட முடிவு; மொழி மாதிரியின் தேர்வு ஊகம், அடுத்த முறை மாறவும் கூடும். டிஎன்ஏவைப் புரதச் சேவைக்கு அனுப்பும் தவற்றைத் தடுக்க வகைச் சரிபார்ப்பு இன்றும் தேவை. கருவிகள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது எல்லா விளக்கங்களையும் மாதிரியின் முன் வைக்க இயலாததால் கண்டறிதல் மீண்டும் தனிச் சிக்கலாகிறது. மாதிரி முன்வைக்கும் கோவையை ஈடாம் போன்ற ஆன்டாலஜியின் வகைகளைக் கொண்டு இயக்குமுன் சரிபார்ப்பது இரு முறைகளின் வலிமையையும் சேர்க்கும் வழி. விவரிப்புகள் ஏற்கெனவே இருக்கும் துறைகளில் அதற்குத் தடை குறைவு.

முன்நிபந்தனையும் விளைவும் பெரும்பாலும் உரைக்குள் புதைந்தே கிடக்கின்றன. மேற்சொன்ன நெறிமுறையின் 2025 மார்ச் பதிப்பு, கருவி படிக்க மட்டுமா, அழிக்கக்கூடியதா, மீண்டும் அழைத்தால் தீங்கில்லையா என்ற குறிப்புகளைச் சேர்த்தது. மெக்கில்ரைத்தும் சோனும் தருக்கத்தில் பிரித்துக் காட்டிய தகவல் சேவையும் உலகை மாற்றும் சேவையும் இங்கு ஆம், இல்லை என்ற விடைகளாக வந்திருக்கின்றன. இவை வெறும் குறிப்புகளே. நம்பத்தக்க சர்வரிலிருந்து வராதவரை இவற்றை நம்பக் கூடாது என்று அந்த நெறிமுறையே அறிவுறுத்துகிறது. விவரிப்பு சேவையின் உண்மையான நடத்தையோடு ஒத்துப்போகிறதா என்பதை வெளியிலிருந்து சரிபார்க்கும் பொதுவான வழி தருக்க விவரிப்புக்கும் இருந்ததில்லை, இயல்மொழி விளக்கத்துக்கும் இன்னும் அமையவில்லை.